பழைய வாசல் முனையில் சைக்கிளே இல்லை என்ற கணக்கு

அனுப்புநர்:
டிராம் ஓட்டுநர், பணி எண் 347,
மூன்றாம் தடம்,
ஆற்றங்கரை டிப்போ.

பெறுநர்:
நகரப் போக்குவரத்து மேம்பாட்டு ஆணையர் அவர்கள்,
ஆணையர் அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: பழைய வாசல் முனையில் சைக்கிள் போக்குவரத்து இல்லை என்று பதிவான கணக்கை ரத்து செய்யவும், புதிய கால அட்டவணை தொடங்கும் முன் அங்குள்ள தண்டவாள இடுக்கை அடைக்கவும், அங்கே விழுந்து காயமடைந்த பெண்ணுக்கு அனுப்பிய நோட்டீஸைத் திரும்பப் பெறவும் கோருதல் தொடர்பாக.

பார்வை:
1. நகர ரயில், டிராம், சைக்கிள் மேம்பாட்டுத் திட்ட நூல், பக்கம் 31.
2. தங்கள் அலுவலகக் கடிதம், ஆகஸ்டு 18.
3. தங்கள் அலுவலக நோட்டீஸ், ஆகஸ்டு 20.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். இந்த மனு நீளமானது. தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு கடிதங்களும் மிகச் சுருக்கமாக இருந்ததால்தான் இது நீள வேண்டியதாயிற்று. கடைசி வரை படிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

1. நான் பத்தொன்பது ஆண்டுகளாக மூன்றாம் தடத்தில் டிராம் ஓட்டுகிறேன். ரயில் நிலையத்தில் புறப்பட்டு, பழைய வாசல் வழியாக உள்நகரத்துக்குள் நுழைந்து, பெரிய மருத்துவமனை வரை போகும் தடம் அது. தங்கள் திட்டத்தை எதிர்க்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல நான். ரயிலிலிருந்து இறங்குபவர் படி ஏறாமல் டிராமுக்கு வர வேண்டும் என்பதும், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு டிராம் என்பதை ஆறு நிமிடத்துக்கு ஒன்று ஆக்க வேண்டும் என்பதும் நான் பல வருடங்களாக டிப்போவில் கத்திக்கொண்டிருக்கும் விஷயங்கள். திட்ட நூல் வந்த அன்று அறுபத்து நான்கு பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்தவன் எங்கள் டிப்போவில் அநேகமாக நான் ஒருவன்தான்.

2. அந்த நூலின் அட்டையில் ஒரு வண்ணப் படம் இருக்கிறது. பழைய வாசலின் கல் வளைவுக்குக் கீழே ஒரு பெண் சைக்கிள் மிதித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே போகிறாள். 31-ஆம் பக்கத்தில் அதே பழைய வாசல் முனைக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. நடப்பவர்: 2,904. சைக்கிளில் செல்பவர்: 0. அப்படியானால் அட்டையில் போகிறவள் யார் என்று எனக்கு விளங்கவில்லை. இந்த முரண்பாட்டை எத்தனையோ அதிகாரிகள் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒருவர் கண்ணில்கூடப் படவில்லை என்பதை நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

3. அந்த முனையை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கல் வளைவு மிகக் குறுகியது. அதனடியில் டிராமுக்கு ஒற்றைத் தண்டவாளம்தான். வளைவைத் தாண்டியதும் தண்டவாளம் இடதுபக்கம் திரும்பி நடைபாதையோடு ஒட்டிக்கொண்டு போகிறது. நடைபாதை விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இரண்டு சாண் இடம் இருக்கிறது. சைக்கிளில் வருபவர் அந்தத் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தாக வேண்டும், வேறு வழியில்லை. தண்டவாளத்தை நேர்க்குறுக்கே கடந்தால் சக்கரம் தாண்டிவிடும். சாய்வாகக் கடந்தால் சக்கரம் தண்டவாளத்தை ஒட்டிய இடுக்கில் இறங்கிவிடும், இறங்கிய சக்கரம் ஏறாது, ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். இது அந்த வழியாகச் சைக்கிளில் போகும் அத்தனை பேருக்கும் தெரியும்.

4. தெரிந்த காரணத்தால்தான், அந்த முனை வந்ததும் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். நடைபாதை மேல் ஏற்றி, வளைவு முழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, தண்டவாளம் விலகியதும் மறுபடி ஏறி மிதிப்பார்கள். யாரும் சொல்லித்தந்ததில்லை, பலகை எதுவும் இருந்ததில்லை. பள்ளிக்கூட வாத்தியார், தபால்காரர், மருத்துவமனைச் சலவைக்காரர்கள், எல்லோரும் அப்படித்தான். என் தங்கையும் அப்படித்தான்.

5. என் தங்கை செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறாள். மெழுகில் பல் வரிசையைச் செதுக்கி அடுக்குவது அவள் வேலை. நுனிவிரலால் தடவிப் பார்த்தே எந்தப் பல் உயர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். உள்நகரத்தின் பாதிப் பேர் அவள் அடுக்கிய பல்லால்தான் மென்று தின்கிறார்கள். தங்கள் அலுவலகத்திலும் சிலர் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை, அது அவர்கள் சொந்த விஷயம். செய்து முடித்த பல் செட்டுகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தினமும் காலை ரயில் நிலையப் பக்கமிருந்து சைக்கிளில் உள்நகரத்துக்கு வருவாள். 7.42-க்கு என் டிராம் வளைவைக் கடக்கும்போது அவள் நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருப்பாள். நான் இரண்டு முறை மணி அடிப்பேன். அவள் திரும்பாமலே தலையை ஆட்டுவாள். நாங்கள் ஒரே வீட்டில், அவள் குடும்பம் கீழேயும் நான் மாடியிலுமாக இருக்கிறோம். அரை மணி நேரம் முன்னால்தான் ஒருவரையொருவர் பார்த்திருப்போம், இருந்தாலும் அந்த மணி உண்டு.

6. ஏப்ரல் 12 அன்று தாங்கள் தலைமை தாங்கிய கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அவள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். அந்தக் கூட்டம் தங்களுக்கு நினைவிருக்கும். கடைக்காரர்கள் வண்டி நிறுத்த இடம் போகிறதே என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். பழங்கட்டடப் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், வாசலின் கல்லில் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்றும், இடுக்கை அடைக்கத் தண்டவாளத்தைச் சுற்றி ரப்பர் பதிப்பது பழைய கல் தரையின் அழகைக் கெடுக்கும் என்றும் மனம் உருகிப் பேசினார். கல்லுக்காக அவர் கண் கலங்கியதை நான் குறை சொல்லவில்லை. நானூறு ஆண்டுகளாக வண்டி, வெயில், மழை எல்லாவற்றையும் தாங்கி நிற்கிற கல் அது. மனிதருக்கு மணிக்கட்டு அவ்வளவு தாங்காது என்பதை மட்டும் அவருக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

7. பிறகு என் தங்கை எழுந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தினமும் அந்த எடத்துல எறங்கித் தள்ளிக்கிட்டுதான் போறோம். நூறு பேராவது இருப்போம். எங்களை யாரு எண்ணுனா?" தாங்கள் கனிவாகத்தான் பதில் சொன்னீர்கள். "உங்க அனுபவத்தை மதிக்கிறேன்மா. ஆனா எண்ணிக்கை வேற மாதிரி சொல்லுதே" என்றீர்கள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். ரப்பர் பதிக்கும் வேலை திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. நடைபாதை நடப்பவருக்கு மட்டும் என்று முடிவாயிற்று. காரணம், 31-ஆம் பக்கம்.

8. ஆகஸ்டு 3 அன்று அந்த முனையில் பலகை வைத்தார்கள். "நடைபாதையில் சைக்கிளை ஓட்டவோ தள்ளவோ கூடாது." தள்ளவோ என்ற சொல்லைச் சேர்த்தவர் மிகவும் கவனமான மனிதராக இருக்க வேண்டும். சைக்கிளே இல்லாத இடத்தில் சைக்கிளைத் தள்ளுகிறவரை எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. பலகையோடு ஒரு காவலாளரையும் நிறுத்தினார்கள். முதல் மூன்று நாள் என் தங்கை தண்டவாளத்துக்கும் நடைபாதைக்கும் நடுவிலிருக்கும் அந்த இரண்டு சாண் இடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹார்ன் அடித்துத் தீர்த்தன. காவலாளர் அவளிடம், "எதுக்கும்மா இப்படித் திட்டு வாங்குறீங்க, ஏறி மிதிச்சா ஒரு நிமிஷத்துல போயிடலாம்ல" என்றாராம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குத் தண்டவாளம் தெரியாது.

9. நான்காம் நாள், ஆகஸ்டு 6, காலை 7.42. இரவு பெய்த மழையில் தண்டவாளம் நனைந்திருந்தது. நான் வளைவுக்குள் நுழைந்து நடைபாதையைப் பார்த்தேன், அவளைக் காணவில்லை. மணியில் கை வைத்தபடியே முன்னால் பார்த்தேன். எனக்கு முன்னே, என் தண்டவாளத்தின் மேலேயே, அவள் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனாள். அடுத்த நொடி முன்சக்கரம் இடுக்கில் இறங்கியது. நான் அவசர பிரேக்கை அழுத்தி, சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் மணலையும் கொட்டினேன். ஈரத் தண்டவாளத்தில் டிராம் எவ்வளவு தூரம் வழுக்கும் என்று எனக்குத் தெரியும். வண்டி நின்றபோது அவள் தலைக்கும் டிராமின் முகப்புக்கும் நடுவே ஒன்றரை முழம் இருந்தது. பெட்டி திறந்து பல் செட்டுகள் கல் தரை முழுக்கச் சிதறியிருந்தன. அவள் எழுந்து உட்கார்ந்ததும் இடது கையால் அவற்றைத்தான் பொறுக்க ஆரம்பித்தாள். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது.

10. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. எலும்பு கூடிவிடும் என்கிறார் மருத்துவர். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் தொடு உணர்வு முழுதாகத் திரும்புமா என்று கேட்டால், பார்ப்போம் என்கிறார். பட்டறை முதலாளி நல்லவர். அக்டோபர் கடைசி வரை அவள் இருக்கையில் வேறு ஆளை உட்கார வைப்பதில்லை என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவரும் என்ன செய்வார். தினமும் காலையில் அவள் ஒரு மெழுகுத் துண்டை எடுத்து விரலால் தடவிப் பார்க்கிறாள். என்ன ஆச்சு என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

11. சைக்கிளைத் தள்ளக் கூடாது என்ற இந்தத் தடையை அகற்றுங்கள் என்று நான் டிப்போ வழியாகக் கொடுத்த புகாருக்கு ஆகஸ்டு 18 அன்று தங்கள் அலுவலகம் பதில் அனுப்பியது: "மேற்படி இடத்தில் சைக்கிள் போக்குவரத்து பதிவாகவில்லை. எனவே சைக்கிள் விபத்துக்கான சாத்தியம் எழவில்லை." இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 20 அன்று, அதே அலுவலகத்திலிருந்து என் தங்கைக்கு ஒரு நோட்டீஸ் வந்தது: "தாங்கள் பழைய வாசல் முனையில் டிராம் பாதையில் சைக்கிள் ஓட்டி, மூன்றாம் தடப் போக்குவரத்துக்கு 23 நிமிடம் இடையூறு விளைவித்தீர்கள். முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தராவிடில் நடவடிக்கை எடுக்கப்படும்." இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் அவள் அங்கே இல்லவே இல்லை. இன்னொன்றில் அவள் குற்றவாளி. கை ஒடிந்தவள் ஒருத்தியை இப்படி இரண்டு பக்கமும் அடிப்பதற்கு ஓர் அலுவலகத்துக்கு மனம் வருமா, அம்மையீர்?

12. இதுவரை எழுதியது தங்கள் அலுவலகத்தின் மீதான புகார். இனி எழுதப்போவது என் மீதான புகார். இதை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

13. அந்தப் பூஜ்யத்தைப் போட்டது நான்.

14. வளைவுக்கு அடியில் ஒற்றைத் தண்டவாளம் என்பதால், எதிரே வரும் டிராம் கடந்து போகும் வரை நாங்கள் சிக்னலில் மூன்று நிமிடம் நிற்போம். பிப்ரவரியில் தங்கள் அலுவலகம் கணக்கெடுக்க ஆள் போடவில்லை. ஓட்டுநர்கள் அந்த மூன்று நிமிடம் சும்மாதானே நிற்கிறார்கள், அவர்களே எண்ணட்டும் என்று படிவத்தை எங்கள் தலையில் கட்டினார்கள். படிவத்தில் இரண்டே கட்டங்கள். நடப்பவர். சைக்கிளில் செல்பவர். முதல் நாள் முதல் நடையிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. தள்ளிக்கொண்டு போகிறவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது என்று டிப்போ மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அவர் டீ குடித்துக்கொண்டே, "கால் தரையில இருந்தா நடக்கிறவன். இதுல என்ன குழப்பம்" என்றார். கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

15. டிப்போவில் என்னைக் கட்டக்காரர் என்று கேலி செய்வார்கள். எந்தப் படிவம் கொடுத்தாலும் ஒரு கட்டத்தைக் காலியாக விட மாட்டேன், அது என் வழக்கம், அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. ஆறு நாள், அறுபத்தாறு நடை, அறுபத்தாறு முறையும் இரண்டாவது கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். மற்ற ஓட்டுநர்கள் அந்தக் கட்டத்தை அப்படியே காலியாக விட்டார்கள். அவர்களுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. 31-ஆம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "முழுமையாக நிரப்பப்பட்ட படிவங்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டன." அப்படிப்பட்ட படிவங்கள் என்னுடையவை மட்டும்தான். படிவங்களை முழுமையாக நிரப்பியதற்காக மார்ச்சில் எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்து, அதன் நகலை டிப்போ அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அந்தக் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

16. இன்னொன்றும் உண்டு. தள்ளிக்கொண்டு போனவர்களை நான் எண்ணாமல் இல்லை. எண்ணுவது என் கைப்பழக்கம் ஆகிவிட்டது. படிவத்தில் இடமில்லாததால் சட்டைப்பையில் இருந்த என் டைரியில் கோடு போட்டு வைத்தேன். ஆறு நாளில், நான் நின்ற அந்த மூன்று மூன்று நிமிடங்களில் மட்டும், 583 பேர். தாங்கள் என் தங்கையிடம் எண்ணிக்கை வேறு மாதிரி சொல்கிறது என்று சொன்ன நேரத்தில், நான் இரண்டாவது வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருந்தேன். டைரி சட்டைப்பையில் இருந்தது. பணியாளர்கள் யாரும் அந்தக் கூட்டத்தில் கருத்துச் சொல்லக் கூடாது என்று சுற்றறிக்கை வந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று வீட்டில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அவள், "அந்தக் கணக்கு எடுத்தவன் கண்ணை எங்க வெச்சிருந்தானாம்" என்று கேட்டாள். நான் தண்ணீர் குடித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

17. ஆகஸ்டு 6 அன்று டிராம் நின்றதற்கு ஓட்டுநர் என்ற முறையில் நான் அறிக்கை நிரப்ப வேண்டியிருந்தது. தடைக்குக் காரணம் என்ற இடத்தில் வாகனம், சைக்கிள், நடப்பவர், மின்தடை என்று நான்கு கட்டங்கள். அவளை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, சைக்கிள் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். தண்டவாள இடுக்கு என்று ஒரு கட்டம் இல்லை. கட்டத்துக்கு வெளியே ஒரு வரி எழுதினால் யார் என் கையைப் பிடிக்கப் போகிறார்கள் என்பது அன்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்த டிக்கிலிருந்துதான் நோட்டீஸ் பிறந்தது. ஆக, அந்த முனையில் அரசாங்கக் கணக்கில் பதிவான முதல் சைக்கிள் என் தங்கையுடையது. பதிவு செய்தவன் நான்.

18. என் தவறை நான் ஒப்புக்கொள்வதால் தங்கள் தவறு கரைந்துவிடாது என்பதையும் பணிவோடு சொல்லிவிடுகிறேன். தள்ளிக்கொண்டு போகிறவருக்குக் கட்டம் இல்லாத படிவத்தை அச்சடித்தது நான் அல்ல. நகரத்தில் எத்தனையோ பேர் சைக்கிள் ஓட்டும்போது ஓர் இடத்தில் மட்டும் பூஜ்யம் வருவது ஏன் என்று நேரில் வந்து ஐந்து நிமிடம் நின்று பார்த்திருக்க வேண்டியது நான் அல்ல. உயிருக்குப் பயந்து இறங்கி நடந்தவர்களை, ஆபத்தே இல்லை என்பதற்குச் சாட்சியாக்கியதும் நான் அல்ல. அக்டோபர் 1 முதல் ஆறு நிமிடத்துக்கு ஒரு டிராம். இரண்டு டிராமுக்கு நடுவே விழுந்தவர் எழுந்திருக்க இப்போது இருக்கும் நேரம் இனி இருக்காது. அடுத்த முறை ஒன்றரை முழம் மிஞ்சும் என்று எந்த ஓட்டுநராலும் உறுதி தர முடியாது. என்னால் முடியாது.

19. ஆகவே நான் கேட்பது: 31-ஆம் பக்கத்தின் கணக்கை ரத்து செய்து, தள்ளிச் செல்பவருக்கும் ஒரு கட்டம் வைத்து மறுபடி எண்ண வேண்டும். அதுவரை பலகையையும் காவலாளரையும் அங்கிருந்து எடுக்க வேண்டும், மக்கள் முன்போல் இறங்கி நடக்கட்டும். அக்டோபர் 1-க்கு முன் இடுக்கில் ரப்பர் பதிக்க வேண்டும், அது முடியவில்லை என்றால் அட்டவணையைத் தள்ளி வைக்க வேண்டும். என் தங்கை மீதான நோட்டீஸை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும். தவறான படிவம் கொடுத்ததற்காக என் மீது நடவடிக்கை எடுப்பதென்றால் எடுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் முதல் நான்கையும் செய்துவிட்டு ஐந்தாவதுக்கு வாருங்கள்.

20. நோட்டீஸுக்கு விளக்கம் எழுதித் தரச் சொல்லி அவள் கேட்டது என்னிடம்தான். "உன் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும், நீயே எழுதிடுண்ணா" என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த மனுவையே அவள் தர வேண்டிய விளக்கமாகத் தாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். 583 பேரின் சார்பிலும், அவர்களை எண்ணியும் எழுதாமல் விட்டவன் என்ற முறையிலும், தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
டிராம் ஓட்டுநர், பணி எண் 347

இடம்: ஆற்றங்கரை டிப்போ, ஓட்டுநர் ஓய்வறை
நாள்: செப்டம்பர் 9

இணைப்பு:
1. டைரியின் ஆறு பக்கங்கள் (அசல்).
2. ஆகஸ்டு 18 கடிதமும் ஆகஸ்டு 20 நோட்டீஸும், ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எடுத்த நகல்.
3. பாராட்டுக் கடிதம் (அசல், திருப்பி அனுப்பப்படுகிறது).

நகல்:
1. டிப்போ மேலாளர்.
2. என் தங்கை, கீழ் வீடு. தபாலில் அல்ல, இன்று மாலை நேரில் கொடுக்கப்படும். அவள் படித்து முடிக்கும் வரை நான் மாடிக்குப் போக மாட்டேன்.